நோட்டுப் புத்தகத்தில் என்ன இருந்தது?

1991-ம் வருடம், ஜூன் 27. அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டி ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்றொரு ஊர். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அடிதடி என்று போலீஸுக்குத் தகவல் வருகிறது. முதலில் போய்ச் சேர்ந்தவர் ரெட்மண்ட் என்கிற பெண் போலீஸ். அப்போதைக்கு அவர் மட்டும்தான்.

கார் போய் நின்றதுமே இரண்டு பெண்கள் கையை ஆட்டியபடி ஓடி வந்தார்கள். உள்ளே கத்திக்குத்து என்று அலறினார்கள். ரெட்மண்ட் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கட்டடத்தை நெருங்குகிறார். சில ஆண்கள் வெளியே ஓடி வருகிறார்கள், ஒருவர் கையில் இரும்புக் குழாய். தரையில் படுங்கள் என்று கத்தினால் யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியை எடுக்கிறார். அந்த நேரம் பார்த்து இன்னும் இருவர் பாய்ந்து வெளியே வருகிறார்கள். ஒருவரை இன்னொருவர் துரத்துகிறார். ரெட்மண்ட் சுட்டார். துரத்தி வந்த ஆலன் அங்கேயே இறந்துபோனார்.

ஆலன் கையில் கத்தி இருந்தது, கீழே போடச் சொல்லியும் போடவில்லை, முன்னால் ஓடியவரைக் குத்தப் போனார் என்பது ரெட்மண்டின் வாக்குமூலம். வெறுங்கையோடுதான் வந்தார், போலீஸம்மா காரைவிட்டு இறங்கும்போதே துப்பாக்கியோடுதான் இறங்கினார் என்றார்கள் ஆலன் வீட்டார். கேஸ் கோர்ட்டுக்குப் போனது.

அங்கேதான் ஒரு விஷயம் தெரியவந்தது. சம்பவத்துக்குப் பிறகு ரெட்மண்ட் ஒரு கவுன்சலரிடம் போய்ப் பேசியிருக்கிறார். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல... சுமார் ஐம்பது தடவை! கவுன்சலர் லைசென்ஸ் பெற்ற சமூகப் பணியாளர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் ஊர் நிர்வாகம். அதாவது ரெட்மண்டின் அதே முதலாளி!

ஆலன் தரப்பு வக்கீல்கள் விடுவார்களா? கவுன்சலரின் குறிப்புகளைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். கவுன்சலர் முடியாது என்றார். ரெட்மண்டும் முடியாது என்றார். நீதிபதி உத்தரவு போட்டார். அப்போதும் இரண்டு பேரும் அசையவில்லை. கூண்டில் ஏற்றிக் கேட்டால், சில கேள்விகளுக்குப் பதில் இல்லை, சிலவற்றுக்கு ‘ஞாபகமில்லை’.

கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆளிடம் போய் மனசைக் கொட்டுவதா என்று நமக்குத் தோன்றும். இந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம்.

1914-ல் ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிகளுக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் அந்த ஐந்தில் பாதிக்கு மேல் ‘லாபப் பங்கு’. அது கிடைக்க வேண்டுமானால் ஒழுக்கமாக வாழ வேண்டும். ஒழுக்கமாகத்தான் வாழ்கிறானா என்று பார்க்க ‘சோஷியாலஜிகல் டிபார்ட்மென்ட்’ என்று தனியாக ஓர் இலாகா! அதன் ஆட்கள் வீடு வீடாகப் போவார்கள். குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, கூட இருப்பது கட்டிய மனைவிதானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று குடைவார்கள். பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார்கள். எல்லாம் ஃபைலில் ஏறும். தேறாவிட்டால் கூடுதல் பணம் கட், திருந்த அவகாசம். அப்புறமும் திருந்தாவிட்டால் வேலையே போய்விடும். தொழிலாளியின் குடும்ப விஷயத்தில் ஃபோர்டு கம்பெனி அக்கறை காட்டியது இந்த லட்சணத்தில்தான்.

அக்கறை உண்மையிலேயே வேலை செய்தது குடிப் பிரச்னையில். 1935-ல் அக்ரான் நகரத்தில் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்தது. குடியிலிருந்து மீண்டவர்கள், மீள நினைப்பவர்களுக்குக் கை கொடுக்கும் அமைப்பு. அனானிமஸ் என்றால் பெயரில்லாதவர். கவனியுங்கள், பெயரிலேயே ரகசியம்! 1940-களில் டூபான்ட், ஈஸ்ட்மன் கோடக் போன்ற பெரிய கம்பெனிகள் இதே வழியில் குடிகாரத் தொழிலாளிகளை மீட்கப் பார்த்தன. போர்க்காலம், ஆள் கிடைக்காத நேரம். இருக்கிற ஆளை விரட்டுவதைவிடச் சரிசெய்வது லாபம். ஆனால், குடிக்கிறேன் என்று யார் வாய்விட்டு ஒப்புக்கொள்வார்கள்? சீட்டு கிழிந்துவிடாதா?

இந்தப் பயம் தெரிந்த ஒருவர் அமெரிக்க செனட்டுக்குள் நுழைந்தார். அயோவா மாநிலத்தின் ஹாரல்ட் ஹ்யூஸ். லாரி ஓட்டியவர், பெருங்குடிகாரராக இருந்தவர். ஒரு கட்டத்தில் துப்பாக்கியோடு குளியல் தொட்டியில் இறங்கி உயிரைவிடத் துணிந்தவர். அதிலிருந்து மீண்டு கவர்னராகி, 1969-ல் செனட்டர் ஆனார். அந்த வருடம் ஜூலையில் குடிநோய் பற்றி விசாரணை நடத்தினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெறும் ‘பில் டபிள்யூ’ என்ற பெயரில் சாட்சி சொல்ல வந்தார். அவர் முகத்தைப் படம் பிடிக்க வேண்டாம் என்று டி.வி. கேமராக்காரர்களைக் கேட்டுக்கொண்டார் ஹ்யூஸ். நாட்டின் செனட்டிலேயே முகம் காட்டாத சாட்சி!

1970 டிசம்பர் 31 அன்று நிக்ஸன் கையெழுத்துப் போட்ட குடிநோய்ச் சட்டத்தை ‘ஹ்யூஸ் சட்டம்’ என்றே சொல்கிறார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்குச் சிகிச்சைத் திட்டம் வேண்டும், சிகிச்சைக் குறிப்புகள் ரகசியமாக இருக்க வேண்டும் என்றது அது. 1975-ல் விதிமுறைகள் வந்தன. ஆஸ்பத்திரி ஃபைலுக்கு இருந்ததைவிடப் பெரிய பூட்டு. ‘இன்னார் உங்களிடம் சிகிச்சைக்கு வருகிறாரா?’ என்று கேட்டால், ஆமாம் என்றுகூடச் சொல்லக் கூடாது. திறக்கச் சில சாவிகள் மட்டும் உண்டு. சம்பந்தப்பட்டவரே எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது உயிருக்கு ஆபத்து என்கிற மருத்துவ அவசரம், அல்லது நீதிபதியின் தனி உத்தரவு. வெறும் சம்மனைக் காட்டி ஃபைலைக் கேட்க முடியாது. சிகிச்சை தரும் இடத்திலேயே குற்றம் செய்தால் போலீஸுக்குச் சொல்லலாம். 1986-ல் இன்னொரு சாவியும் சேர்ந்தது: குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது தெரிந்தால் புகார் செய்யலாம்.

குடிக்காகத் தொடங்கிய ஏற்பாடு மெல்ல மெல்ல எல்லாக் கவலைக்கும் விரிந்தது. கடன், விவாகரத்து, தூக்கமின்மை, ரெட்மண்டைப் போல ஓர் உயிரை எடுத்துவிட்ட பாரம்... பெயரும் ‘எம்ப்ளாயி அசிஸ்டன்ஸ் புரோகிராம்’, சுருக்கமாக ஈ.ஏ.பி. ஆனது. ஆனால் 1975-ன் பெரிய பூட்டு குடிக்கும் போதைக்கும் மட்டும்தான். மற்றக் கவலைகளுக்கு? மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சட்டம். மத்திய கோர்ட்டுகளில் குழப்பம்.

இனி கோர்ட்டுக்குத் திரும்பலாம். நீதிபதி ஜூரிகளிடம், குறிப்புகளைத் தர மறுத்ததற்குச் சட்டப்படி காரணம் இல்லை, அதில் இருப்பது ரெட்மண்டுக்குப் பாதகமானது என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். போதாதா? மொத்தம் 5,45,000 டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பு. அப்பீல் கோர்ட் அதை ரத்து செய்தது. கேஸ் வாஷிங்டனுக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1996 ஜூன் 13-ல் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் ரெட்மண்ட் பக்கம். எழுதியவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். மனநல சிகிச்சையில் பேசியது ரகசியம், லைசென்ஸ் உள்ள சமூகப் பணியாளரிடம் பேசினாலும் ரகசியம்தான் என்றார். இன்னொன்றும் சொன்னார். எது வெளியே வரலாம் என்பதைப் பின்னால் நீதிபதி எடைபோட்டு முடிவு செய்வார் என்றால், ஆரம்பத்திலேயே யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வாயே திறக்காவிட்டால் கோர்ட்டுக்கு மட்டும் என்ன சாட்சியம் கிடைத்துவிடும்? கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் யோசித்தால் மறுக்க முடியாத கணக்கு.

எதிர்த்தவர்களில் ஒருவர் ஆன்டனின் ஸ்காலியா, பேனாவில் மிளகாய் தடவி எழுதுபவர். மனிதர்கள் காலங்காலமாகப் பெற்றோரிடமும் நண்பரிடமும் மதுக்கடைக்காரரிடமும் சொல்லித்தானே மனசை ஆற்றிக்கொண்டார்கள்? அம்மாவிடம் சொன்னதைக் கோர்ட் கேட்டால் அம்மா சொல்லியாக வேண்டும், கவுன்சலர் மட்டும் ஏன் சொல்ல வேண்டியதில்லை என்று கேட்டார். உண்மை வெளியே வராமல் போனால் அதற்கான விலையை அநியாயம் இழைக்கப்பட்டவன்தான் கொடுக்கிறான் என்பது அவர் வாதம். நான் ஸ்டீவன்ஸ் கட்சிதான். இருந்தாலும் ஆலனின் அக்கா தங்கைகள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், ஸ்காலியாவின் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

லைசென்ஸ் இல்லாத ஈ.ஏ.பி. கவுன்சலர் என்றால்? அந்தக் கேள்வியும் வந்தது. கலிபோர்னியாவில் ஓர் அரசு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் மீது ஊழியர் ஒருவர் போட்ட கேஸில், 2001-ல் ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் அவர்களுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுத்தது. பெரிய டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்களும் காசில்லாதவர்களும் முதலில் தட்டுகிற கதவு இதுதான், இங்கேயே பயமுறுத்தினால் அடுத்த கதவுக்குப் போகவே மாட்டார்கள் என்பது காரணம்.

ஸ்டீவன்ஸின் தீர்ப்பிலும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. பேசுகிறவராலேயே அவருக்கோ மற்றவருக்கோ பெரிய ஆபத்து வரும், கவுன்சலர் வாயைத் திறந்தால்தான் தடுக்க முடியும் என்றால் ரகசியம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு ரத்தக் கறை இருக்கிறது. 1969-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், இந்தியாவிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் மனநல சிகிச்சையாளரிடம் சொன்னார். வளாகப் போலீஸுக்குத் தகவல் போனது. பிடித்தார்கள், விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கொன்றுவிட்டார். அந்தப் பெண்ணின் பெற்றோர் தொடுத்த வழக்கில், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் சொன்னது.

சரி, மேலதிகாரியே ஈ.ஏ.பி.க்கு அனுப்பி வைத்தால்? வழக்கமாக ஊழியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வந்தாரா, சொன்னபடி நடக்கிறாரா என்பதை மட்டும் மேலே தெரிவிப்பார்கள். என்ன பேசினார் என்பது போகாது. போதைப் பரிசோதனையில் தோற்ற லாரி டிரைவர், விமானி போன்றவர்கள் கதை வேறு. அவர்களை மதிப்பிடுகிறவரின் அறிக்கை நேராக முதலாளிக்கே போகும்.

ஆலன் கேஸ் என்ன ஆயிற்று? நோட்டுப் புத்தகம் இல்லாமலே மறுபடி விசாரணை நடந்தது. ஆலன் தரப்பே ஜெயித்தது! பிறகு வக்கீல் ஃபீஸில் தகராறு. குறிப்புகளைக் கேட்டுப் போராடித் தோற்ற நாட்களுக்கும் ஃபீஸா, முடியாது என்று கீழ்க் கோர்ட் கையை விரித்தது. அந்தத் தோல்வியும் கடைசி வெற்றிக்குப் போகிற வழியில் ஒரு படிதான், அதற்கும் ஃபீஸ் உண்டு என்று 1998-ல் சொல்லிவிட்டது அப்பீல் கோர்ட்.