சோத்தை விட்டு சப்பாத்திக்கு மாறினா வெயிட் குறையுமா? 'லோ கார்ப்' டயட்டில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான்!

"நைட்டு சோறே தொடுறதில்லைங்க, வெறும் சப்பாத்திதான்..." எடையைக் குறைக்க முடிவெடுத்த வீடுகளில் முதலில் கேட்கும் வசனம் இதுதான். கூடவே 'லோ கார்ப்' என்ற வார்த்தையும் வந்துவிடும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த மாற்றத்துக்கும் லோ கார்புக்கும் பெரிதாக சம்பந்தம் இல்லை.

ஒரு கப் சோறு, அதாவது சுமார் 150 கிராம், எடுத்துக்கொண்டால் அதில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. நடுத்தர சைஸ் சப்பாத்தி ஒன்றில் சுமார் 15 கிராம். மூன்று சப்பாத்தி உள்ளே போனால் கணக்கு அதே இடத்தில் வந்து நிற்கும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா என்றால் சொல்லவே வேண்டாம்.

சரி, சிறுதானியம்? சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகில் சுமார் 67 கிராம், கம்பில் சுமார் 62 கிராம். நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல். நல்ல உணவுதான், மறுப்பதற்கில்லை. அதற்காக ரெண்டு உருண்டை களி சாப்பிட்டுவிட்டு 'நான் லோ கார்ப்ல இருக்கேன்' என்று சொல்ல முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு, 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. இந்தியர்கள் ஒரு நாளில் எடுக்கும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது அது. அதைவிட முக்கியமான தகவல் ஒன்றும் அதில் உண்டு. அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் பொருட்கள் போன்ற புரதம் வந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.

எவ்வளவு குறைத்தால் லோ கார்ப்?

பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் லோ கார்ப். 50 கிராமுக்கும் கீழே போனால் அது கீட்டோ. சில ஆண்டுகளுக்கு முன் ஃபேஸ்புக் குழுக்கள் மூலம் தமிழ்நாட்டில் பரவிய 'பேலியோ'வும் ஏறக்குறைய இந்த வகைதான். விஷயம் ஒன்றும் புதுசு இல்லை. லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டு இளைத்த கதையை 1863-லேயே சிறு புத்தகமாக எழுதினார். அமெரிக்க டாக்டர் ராபர்ட் அட்கின்ஸின் புத்தகம் 1972-ல் வந்தது.

முதல் வாரத்தில் 2 கிலோ குறைவது எப்படி?

இந்த டயட்டைப் பற்றிய பிரமிப்பு ஆரம்பிப்பதே இங்குதான். நம் கல்லீரலும் தசைகளும் சுமார் 400 முதல் 500 கிராம் வரை சர்க்கரையை 'கிளைகோஜன்' என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. எடை மெஷினில் முள் இறங்குகிறது. அதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. ஒரே ஒரு கல்யாண விருந்து போதும், பாதி எடை திரும்பி வந்துவிடும்.

அப்போ இது ஏமாற்று வேலையா? அப்படியும் இல்லை. புரதமும் நார்ச்சத்தும் கூடும்போது பசி அடங்குகிறது, அதனால் மொத்த கலோரி தானாகவே குறைகிறது. கொழுப்பு கரைவது அதன் பிறகுதான். ஆனால் மற்ற டயட்டுகளைத் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு இதில் மாயம் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஓராண்டு பரிந்துரைத்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: முதல் குழு சராசரியாக 5.3 கிலோ, லோ கார்ப் குழு 6 கிலோ குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு குழுவிலும் நன்றாக இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். ஒருவரால் எதை விடாமல் கடைப்பிடிக்க முடிகிறதோ, அவருக்கு அதுதான் வேலை செய்கிறது.

சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க!

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம். 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அதாவது யூடியூப் பார்த்து டயட் தொடங்கும் பலர் ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்கள்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர் திடீரென சோறு, இட்லியை நிறுத்தினால், மருந்து மட்டும் பழைய அளவிலேயே வேலை செய்யும். சர்க்கரை தடாலடியாக இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் சிக்கல் வேறு மாதிரி. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேரலாம், அப்போதும் குளுக்கோமீட்டர் கிட்டத்தட்ட நார்மல் என்றே காட்டும். 'சுகர் நல்லாத்தானே இருக்கு' என்று வீட்டிலேயே படுத்துவிடுவது இங்கே உயிருக்கே ஆபத்து. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி தலைசுற்றல் வரலாம். டைப் 1 நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. மாத்திரையை நீங்களே குறைப்பதும் தவறு, அந்தக் கணக்கு டாக்டருடையது.

நம்ம ஊர் தட்டில் எப்படிக் குறைப்பது?

கீட்டோ வரை போகத் தேவையில்லை. காலையில் 5 இட்லி என்றால் 2 இட்லியும் 2 அவித்த முட்டையும். மதியம் மலை மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்பதைத் தலைகீழாக்கினால் போதும்: ஒரு கப் சோறு, ரெண்டு கப் காய், கெட்டிப் பருப்பு, முடிந்தால் மீனோ கோழியோ. இரவில் பனீர் அல்லது முட்டையுடன் காய்கறி.

கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போவதையும் பாருங்கள். மூன்று வேளை காபியில் ரெண்டு ஸ்பூன் வீதம் சர்க்கரை போட்டால் அதுவே சுமார் 25 கிராம். ஓட்ஸ், 'டயட்' பிஸ்கட் எல்லாம் மாவுச்சத்துதான். இன்னொரு பக்கம், பாதாமை அளவில்லாமல் கொறிப்பவர்களும் உண்டு. 100 கிராம் பாதாமில் சுமார் 580 கலோரி!

சைவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். பருப்பு, சுண்டலில் புரதத்தோடு மாவுச்சத்தும் சேர்ந்தே வரும். செலவு இன்னொரு நிஜம். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பனீரும் மீனும் அப்படிக் கிடைப்பதில்லை. கட்டுப்படியாகும் விலையில் பார்த்தால் முட்டை, வேர்க்கடலை, வீட்டுத் தயிர், மலிவாகக் கிடைக்கும் கீரை. பாதாம்தான் வேண்டும் என்று கட்டாயமே இல்லை.

முதல் சில நாட்கள் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் வரலாம். தண்ணீரும் காய்கறியும் போதுமான அளவு இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொடங்கும் முன் ஹெச்.பி.ஏ.1.சி, கிரியாட்டினின், கொலஸ்ட்ரால் மூன்றையும் பரிசோதித்து, 3 மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். நெய், வெண்ணெய், கொழுப்புக் கறி அதிகமாக எடுக்கும் சிலருக்கு எடை இறங்கும்போதே எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு ஏறுவதுண்டு. அதை எடை மெஷின் காட்டாது.