உடனடி அடையாளப் படக் கருவி
கடவுச்சீட்டு, அடையாள அட்டைக்கான படத்தை எடுத்த இடத்திலேயே அச்சிட்டுத் தரும் கேமரா, அச்சுப்பொறி இணை. பழைய போலராய்டு வகையில் நான்கு லென்சுகள் ஒரே தாளில் நான்கு படங்களைப் பதித்தன. தாளை உருவி, காத்திருந்து உரிக்க வேண்டும். அந்த உரிபடலத்தை நிறுத்துவதாகப் போலராய்டு 2008இலும் ஃபியூஜிஃபில்ம் 2016இலும் அறிவித்தன.

இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில், சூடேறும் அச்சுத்தலை நாடாவிலுள்ள மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்களை அடுத்தடுத்துத் தாளில் ஏற்றி, மேலே காப்புப் பூச்சும் இடுகிறது. சிறிய அச்சுப்பொறிகளில் இதற்காகத் தாள் நான்கு முறை வெளியே வந்து உள்ளே போகும். முடிந்துவிட்டதென்று இடையில் இழுத்தால் படம் பாழ். நாடாவும் தாளும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது.

படம் நிராகரிக்கப்படுவதற்கு அச்சைவிட ஒளியே அடிக்கடி காரணம். அமர்பவரைச் சுவரிலிருந்து தள்ளி அமர்த்தினால் பின்னணியில் நிழல் விழாது. 35×45 மி.மீ. படத்தில் முகம் உயரத்தின் 70–80 விழுக்காட்டை நிரப்புவது பரவலான விதி.