ஒல்லாந்தின் ஈகைக் குடியேற்றங்கள்

ஒல்லாந்தர் என்றவுடன் ஈழத்தவர் நினைவில் எழுவன யாழ்ப்பாணக் கோட்டையும் தோம்பேடுகளும் கறுவா வாணிகமுமே. இலங்கையின் கரையோரம் 1796இல் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் அவர்களுடைய தாயகமே வறுமைப்பட்டது. நெப்போலியனின் போர்கள் 1815இல் ஓய்ந்தபோது வாணிகம் நலிந்திருந்தது. அதே ஆண்டில் கீழைத்தீவுகளிலே தம்போரா எரிமலை கக்கிய சாம்பல், 1816இல் ஐரோப்பாவின் கோடையைக் குளிர்காலமாக்கிற்று. விளைச்சல் பொய்த்தது; நகரத் தெருக்களிலே வீடற்றோரும் இரவலரும் பெருகினர்.

இந்நிலையில் யொஹான்னஸ் வான் டென் பொஸ் என்னும் படை அதிகாரி ஒரு திட்டத்துடன் முன்வந்தார். இளமையிலே யாவாவிற் பணிபுரிந்து, அங்கே தோட்டமொன்றையும் நடத்தியவர் அவர். பிச்சையிடுவதால் வறுமை தீராது, நிலமும் தொழிலும் கொடுத்தாலே தீரும் என்பது அவர் கொள்கை. 1818இல் ஈகைச் சங்கம் தோன்றிற்று. உறுப்பினர் வாரந்தோறும் ஒரு சிறு நாணயம் செலுத்தினர். அவர்கள் தொகை விரைவில் 20,000ஐக் கடந்தது. அப்பணத்தைக் கொண்டு நாட்டின் வடகிழக்கே, டிரெந்தே மாகாணத்தில், எவரும் விரும்பாத புதர்நிலம் வாங்கப்பட்டது. சங்கத்தின் புரவலரான இளவரசர் பிரெடெரிக்கின் பெயரால் அவ்வூர் பிரெடெரிக்ஸோர்ட் எனப்பட்டது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்திலேயே 52 குடும்பங்கள் அங்கே குடியேறின. ஒரே அமைப்பிலான சிறு வீடு, அதனோடு பயிர்நிலம், உடை, கருவிகள் ஆகியன ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைத்தன. உருளைக்கிழங்கும் புல்லரிசியும் பயிரிட்டனர், நூல் நூற்றனர், துணி நெய்தனர். பிள்ளைகள் யாவரும் பள்ளி செல்லல் வேண்டும் என்பது விதி. ஒல்லாந்து முழுவதற்கும் கட்டாயக் கல்வி 1901இலேயே நடைமுறைக்கு வந்தது என்பதை எண்ணினால், இவ்விதியின் பெருமை விளங்கும்.

ஆயினும் கூலி குடியேற்றத்துக்கே உரிய தனி நாணயத்தில் வழங்கப்பட்டது. அது வெளியுலகிற் செல்லாது. மேற்பார்வையாளர் எந்நேரமும் கண்காணித்தனர். ஒழுக்கம் தவறியோர் ஒம்மர்ஸ்கான்ஸ் என்னும் தண்டனைக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டனர்.

மண்ணும் கைகொடுக்கவில்லை. எருவின்றி விளையாத மணல்நிலம் அது. வந்தவரிற் பலரோ மண்வெட்டி பிடித்தறியாத நகரத்தார். செலவு வரவை விஞ்சவே, சங்கம் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. தெருவிற் பிடிபட்ட இரவலரையும் அநாதைச் சிறுவரையும் அது ஏற்றுக்கொள்ளும். அதற்கு அரசு பணம் தரும். இவர்களுக்காக 1823 முதல் வேன்ஹௌசனில் மூன்று பெருங்கட்டிடங்கள் எழுந்தன. அங்கே குடும்பத்துக்கொரு வீடில்லை. நீண்ட கூடங்களிலே தூங்குமஞ்சங்கள் கட்டித் துயின்றனர். விருப்பப்படி வெளியேறவும் இயலாது. வீடற்றவனுக்கு வீடு கொடுக்கத் தொடங்கிய முயற்சி, கணக்கேட்டின் நெருக்கடியால் அவனை அடைத்துவைக்கும் முயற்சியாயிற்று. ஒல்லாந்தின் குடியேற்றங்களில் உச்சகட்டத்தில் ஏறக்குறைய 11,000 பேர் வாழ்ந்தனர்.

தெற்கே வோர்ட்டல், மெர்க்ஸ்பிளாஸ் என்னும் இடங்களிலும் இத்தகைய குடியேற்றங்கள் அமைந்தன. 1830இல் பெல்ஜியம் பிரிந்தபின் அவை அந்நாட்டின் வசமாயின. வீடின்றி அலைதலையே குற்றமாகக் கொண்ட பெல்ஜியச் சட்டம் 1993இலேயே நீக்கப்பட்டது.

வான் டென் பொஸ்ஸோ 1830இல் யாவாவுக்கு ஆளுநராகச் சென்றார். அங்கே குடியானவர் தம் நிலத்தில் ஒரு பகுதியிற் கரும்பும் அவுரியும் போன்றவற்றை அரசுக்காகப் பயிரிடல் வேண்டும் என்ற முறையைப் புகுத்தினார். தாய்நாட்டில் நிலமற்றோர்க்கு நிலம் தேடியவர், யாவாவில் நிலமுடையோரைப் பிறர்க்காக உழைக்கவைத்தார். இரண்டிலும் அவர் நம்பியது கட்டாய உழைப்பையே போலும்.

1859இல் ஒம்மர்ஸ்கான்ஸையும் வேன்ஹௌசனையும் அரசே ஏற்றது. பின்னர் வேன்ஹௌசன் சிறைச்சாலையாயிற்று. அலுவலருக்கெனக் கட்டிய மனைகளின் முகப்பில் அறவுரைகள் பொறிக்கப்பட்டன. மருந்தகத்தின் பெயரோ "கசப்பும் இனிப்பும்". பழைய பெருங்கட்டிடமொன்று இப்பொழுது சிறை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பிரெடெரிக்ஸோர்ட் சங்கத்தின் வசமே நிலைத்தது. 2021இல் யுனெஸ்கோ, ஒல்லாந்திலுள்ள மூன்று குடியேற்றங்களையும் பெல்ஜியத்திலுள்ள ஒன்றையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நேர்கோடாக மரங்கள் நிற்கும் அவ்வூர்ச் சாலைகளின் ஓரம், அக்காலச் சிறு வீடுகள் சில இன்றும் நிற்கின்றன.