தர்மபுரம்: புயலுக்குப் பிந்திய வேளாண்மை

தர்மபுரம், கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரக் கிராமம். 2008 நவம்பர் இறுதியில் நிஷா புயலின் மழை வன்னியில் வெள்ளமாய்ப் பரவியபோது, போரால் இடம்பெயர்ந்தோர் இங்கு நிறைந்திருந்தனர். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது.

இப்பகுதியின் சிக்கல் நாட்காட்டியிலேயே இருக்கிறது. வடகீழ்ப் பருவமழையை நம்பிய பெரும்போகமும் வங்கக்கடல் புயற்காலமும் ஒரே காலத்தில் வருகின்றன. ஆண்டுச் சோற்றை ஒரே போகத்தில் வைத்தால் அதை அழிக்க ஒரு வெள்ளம் போதும். ஆகவே நெல்லின் வயதே முதலில் கவனிக்க வேண்டியது. அழிந்த வயலில் மூன்று மாத பிஜி 300 போன்ற குறுகியகால இனத்தை மறுபடி விதைக்கலாம். உப்பேறிய கரையோர நிலத்துக்கு உவர் தாங்கும் ஏடி 354 உண்டு. அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் ஈரத்தில் பயறு, உழுந்து விளையும். மேட்டுநிலத்துக்குக் கச்சான் (நிலக்கடலை) ஏற்றது.

பயிர்க் காப்புறுதி பணம் தரும், விதை தராது. மறுவிதைப்பு, நனையாமல் உயரத்தில் வைத்த விதைநெல்லையும் குளக்கட்டின் உறுதியையும் பொறுத்தது. அருகிலுள்ள கல்மடுக்குளத்தின் கட்டு 2009 சனவரியில் போரின்போது தகர்க்கப்பட்டது. பின்னர் மீளக் கட்டப்பட்டது.