சேர்வராயன் அடிவாரத்து இசைக்குழுத் தலைவர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை, சேர்வராயன் மலையில் ஏறத் தொடங்குமுன் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தைக் கடக்கின்றது. திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் நிறுவிய அப்படநிலையம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஈன்றது. அங்கு நடித்தவரையும் வசனம் எழுதியவரையும் தமிழுலகம் மறக்கவில்லை. வாத்தியக் குழுவை நடத்திய ஜி. ராமநாதனைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் இராகங்களோடு நின்றுவிடுகின்றது. அவர் முதற்கண் ஒரு பக்கவாத்தியக்காரர் என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த பிச்சாண்டார்கோவில் அவரது ஊர். தமையனார் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் செய்பவர். தம்பி அவருக்கு ஹார்மோனியம் வாசித்தார். அவ்வாத்தியத்தில் ஒரு கை கட்டைகளின் மேல் ஓட, மறு கை துருத்தியை இயக்கும். கதை சொல்பவர் எப்போது பேச்சை விட்டுப் பாட்டுக்குத் தாவுவார், எங்கே மூச்சு வாங்குவார் என்பதை முன்கூட்டியே உணர்பவன்தான் காலட்சேப மேடையில் நிலைப்பான். சொல்லைத் தாங்கி நிற்கும் இந்தப் பழக்கமே பின்னாளில் அவர் அமைத்த பாடல்களுக்கு அடித்தளம் எனலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில் கடல் கடந்த நாட்டிலும் பக்கவாத்தியக்காரர்கள் முன்வரிசைக்கு வந்துகொண்டிருந்தனர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளுக்கு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்னும் பெயரை 1949இல் பில்போர்டு இதழ் வழங்கியது. சிகாகோவில் பெரிய பேஸ் வாத்தியத்தைத் தாங்கி நின்ற வில்லி டிக்சன், பிறர் பாடப் பாட்டெழுதி, ஒலிப்பதிவுகளையும் நடத்தினார். சேலத்துக்கும் சிகாகோவுக்கும் அந்நாளில் நேர்த்தொடர்பு இருந்தது என்று சொல்வதற்கில்லை. பாடுபவருக்குப் பின்னால் இருந்தவர் குழுவின் தலைவரானார் என்ற ஒப்புமை மட்டும் உண்டு.

1947இல் 'ஆயிரம் தலை வாங்கிய அபூர்வ சிந்தாமணி', அடுத்த ஆண்டு 'ஆதித்தன் கனவு', 1949இல் 'மாயாவதி' என ராமநாதன் சேலத்துக்குத் தொடர்ந்து இசையமைத்தார். 1950இல் 'மந்திரி குமாரி' வந்தது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. சில பாடல்களே எஞ்சின. ஆயினும் அதன் கதை அழியவில்லை. கணவன் தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் செல்வதை உணர்ந்த பெண், அவனை வலம் வருவதாகச் சொல்லிப் பின்நின்று தள்ளிவிடுகிறாள். மு. கருணாநிதி இக்கதையை நாடகமாக்கிப் பின் திரைக்கும் எழுதினார். அம்மலைப் பயணத்துக்கு அமைந்த பாடலே 'வாராய் நீ வாராய்'. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. கொலைக்கு முந்தைய காட்சிக்கு அச்சமூட்டும் இசையைத் தருவது எளிது. ராமநாதன் அதனைச் செய்யவில்லை. மாலையில் உலாவச் செல்வோரின் நிதானத்தைத் தந்தார். கேட்பவருக்குத் தெரிந்தது பாட்டுக்குத் தெரியாதது போன்ற அந்த இனிமையே நெஞ்சைப் பதறச் செய்கின்றது. காப்பியத்தில் இழந்த பாடல்களுக்கு ஈடாக இந்த ஒன்றைச் சொன்னால் புலவர்கள் சினக்கக்கூடும், சினக்கட்டும்.

1958இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' சென்னையில் வீனஸ் பிக்சர்ஸ் எடுத்தது. 'முல்லை மலர் மேலே' பாடலில் கானடாவைக் குழைத்தவரே, அதே படத்தின் 'யாரடி நீ மோகினி'யில் ராக் அண்ட் ரோலின் துள்ளலுக்கு இடம் தந்தார். ரிதம் அண்ட் புளூஸின் வயிற்றில் பிறந்த அந்த ஆட்ட இசை, இப்போது காலட்சேப மேடையில் வளர்ந்தவரின் கைக்கு வந்திருந்தது. சிவாஜி கணேசன் கைதட்டி நடக்கும் அழகைப் பேசுவோர் பலர். அந்தத் தட்டுக்கு அடியில் தாளம் பிசகாமல் காத்தவர்களைப் பேசுவோர் இல்லை. இசைத்தட்டின் நடுவட்டத்தில் பாடியவர் பெயரும் படத்தின் பெயரும் உண்டு. வாசித்தவர் பெயர் காணோம். தாமே பக்கவாத்தியக்காரராய் இருந்த தலைவரின் குழுவுக்கும் இந்நிலையே.

சுந்தரம் 1963 ஆகஸ்டில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் ராமநாதனும். 'அருணகிரிநாதர்' 1964இல் திரைக்கு வந்தபோது, இசை என்னும் இடத்தில் அவர் பெயருடன் டி.ஆர். பாப்பாவின் பெயரும் இருந்தது.