பழவேற்காட்டு வெளிச்சம்: தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி

இந்த வாரம் பழவேற்காட்டுக்குப் போகலாம். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய ஜெல்டிரியா கோட்டை, அவர்களுடைய கல்லறைகள், ஏரிக்கு வரும் பூநாரைகள், இதையெல்லாம் பற்றி நிறையப் பேர் பேசியிருக்காங்க. நாம இன்னிக்குப் பேசப்போறது வெளிச்சத்தைப் பத்தி. இந்தக் கரைக்கு ராத்திரி வெளிச்சம் எப்படி வந்தது, வந்த வெளிச்சம் ஏன் சீக்கிரமே அணைஞ்சு போகுது, இதுதான் கேள்வி.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்குவோம். ஏரி சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு, தெற்கு முனை நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஏரியிலிருந்து கடலுக்குப் போக முகத்துவாரம் உண்டு, ஆனா மணல் வந்து அடைச்சுக்கிட்டே இருக்கும். நேற்று படகு போன வழியில் இன்னிக்குத் திட்டு இருக்கலாம். அப்போ இருட்டில் திரும்புற படகுக்கு ஒரு விளக்கு எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க. இன்னொண்ணு, ஏரியில் 'பாடு' என்ற முறை இருக்கு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். உங்க முறை வந்த நாளைத் தவறவிட்டா, அடுத்த முறை வரைக்கும் காத்திருக்கணும். விளக்கு எரியலைன்னா நஷ்டம் விளக்கோட நிக்காது.

1859-ல் இங்கே கலங்கரை விளக்கம் வந்தது. பக்கத்துக் கிராமத்துக்கு இன்றைக்கும் லைட் ஹவுஸ் குப்பம் என்றுதான் பெயர். ஆனா அந்த வெளிச்சம் தூரத்தில் போகிற கப்பல்களுக்கானது. கரையில் இருந்தவர்களுக்கு அரிக்கேன் விளக்கும், பிறகு பெட்ரோமாக்ஸும்தான். சீமெண்ணெய் வாங்கணும், காற்றில் அணையாமல் காக்கணும், மேன்டில் உடையாமல் பார்த்துக்கணும்.

கடலோர விளக்குகளுக்கு உலகம் முழுக்க இதே பிரச்சினைதான். எரிபொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு பாதி. அதை வீணாக்காமல் காப்பது மறுபாதி. அந்த மறுபாதியைக் கையிலெடுத்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டாலேன். 1907-ல் அவர் 'சூரிய வால்வு' ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கறுப்புத் தண்டு, சுற்றிலும் பளபளப்பான தண்டுகள். பகல் வெளிச்சத்தில் கறுப்புத் தண்டு மட்டும் அதிகமாகச் சூடேறி நீளும். நீண்டதும் விளக்குக்குப் போகும் வாயுவை அடைத்துவிடும். பொழுது சாய்ந்தால் தானாகத் திறக்கும். ஆளே வேண்டாம். 1912-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஒரு வெடிவிபத்தில் அவர் பார்வையை இழந்தார். இந்த வால்வை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அடுத்து 1954. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கான் சூரிய மின்கலத்தைக் காட்டினார்கள். விழுந்த ஒளியில் 6 சதவீதத்தை அது மின்சாரமாக்கியது. இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒண்ணு இருக்கு. சேப்பினுக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை, ஈரமான வெப்பமண்டல ஊர்களில் தொலைபேசிக் கருவிகளுக்கு மின்சாரம் தர வழி தேடுவது. அங்கே சாதாரண பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின. அதாவது, பழவேற்காடு மாதிரி ஒரு ஊரின் பிரச்சினையிலிருந்துதான் இந்தக் கதையே தொடங்குது.

ஆனா அது முதலில் போனது வானத்துக்கு. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்டு-1 செயற்கைக்கோளில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பேட்டரியில் ஓடியது அந்த ஜூனிலேயே நின்றது. சூரிய மின்கலத்தில் ஓடியது 1964 வரை பேசியது. தரையிலும் ஆரம்பகால வாடிக்கையாளர் கடல்தான். 1966-ல் ஜப்பானின் ஒகாமி தீவுக் கலங்கரை விளக்கத்தில் ஷார்ப் நிறுவனம் 225 வாட் தகடுகளைப் பொருத்தியது. அன்றைக்கு அது பெரிய அமைப்பு. இன்று ஒரே தகடு அதைவிட அதிகம் தரும்.

இப்போ நம்ம ஏரிக்குத் திரும்புவோம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் தீவு கிடக்கு. அதுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. ஏவுதளத்துக்காகத் தீவின் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அங்கிருந்து வந்தவர்கள் சிலர் ஏரிக்கரையில் குடியேறினார்கள். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. எடை 35 கிலோ, மின்தேவை வெறும் 16 வாட். அந்த மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வந்தது.

16 வாட்டை ஒரு படகில் வெச்சுப் பாருங்க. எல்.இ.டி. விளக்கு, ஜி.பி.எஸ்., செல்போன், எல்லாத்துக்கும் போதும். அன்றைக்கு இந்தக் கரைக்கு மேலாகப் போன வசதி, கரையில் இறங்கப் பல வருடம் ஆச்சு. இத்தனைக்கும் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-லேயே இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தையும், அடுத்த ஆண்டு முதல் தகட்டையும் செய்துவிட்டது. 1985-ல் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை தொடங்கியது. 2010-ல் தேசிய சூரிய மின்சக்தித் திட்டம். தகடு மெல்ல மெல்ல வந்துகொண்டுதான் இருந்தது.

வந்தும் ஏன் அணைஞ்சது? ஏதாவது ஒரு கிராமத்தில் எரியாத சோலார் தெருவிளக்கைப் பாருங்க. தகடு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், அது 20, 25 வருடம் தாங்கும். செத்துப்போனது கீழே இருக்கிற பேட்டரி. பேட்டரியைக் காப்பாத்த வேண்டிய சின்னப் பெட்டி, சார்ஜ் கன்ட்ரோலர், துருப்பிடிச்சுக் கிடக்கும். டாலேனின் வால்வு வாயுவுக்குச் செய்த காவலை, இந்தப் பெட்டி மின்சாரத்துக்குச் செய்யுது.

12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை எடுத்துக்குவோம். சுமார் 14.4 வோல்ட்டைத் தாண்டி ஏற்றிக்கொண்டே போனால் தண்ணீர் வற்றும். 11 வோல்ட்டுக்கும் கீழே இறக்கி அப்படியே விட்டால் உள்ளே தகடுகள் உப்புப் படிந்து வீணாகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் பேட்டரியை வைத்திருப்பதுதான் கன்ட்ரோலரின் வேலை. செயற்கைக்கோளில் பேட்டரி மாற்ற மெக்கானிக் போக முடியாது. அதனால் அங்கே பொறியாளர்கள் இந்தக் காவலுக்கு மிகுந்த கவனம் கொடுத்தார்கள். தரையில் நாம தகட்டை எண்ணிக் கணக்குக் காட்டினோம், காவலை மறந்தோம்.

சரி, இன்னிக்குப் படகில் இருக்கிற பழைய அமைப்பை மேம்படுத்தணும்னா என்ன செய்யலாம்? வெளிநாட்டில் வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறாங்க. படகோ வண்டியோ, கணக்கு ஒண்ணுதான்.

100 வாட் தகடு நல்ல வெயிலில் ஏறக்குறைய 18 வோல்ட், 5.5 ஆம்பியர் தரும். பழைய பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர் தகட்டை நேரே பேட்டரியோடு இணைப்பதால், 18 வோல்ட் 13-க்கு இறங்கிவிடும். கைக்கு வருவது 72 வாட் போலத்தான். எம்.பி.பி.டி. வகை, மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். கேட்க நல்லா இருக்கு. ஆனா நம்ம ஊர் வெயிலில் தகடு 60 டிகிரி வரை சூடாகும். சூடு ஏற ஏற வோல்ட் குறையும். அதனால் விளம்பரத்தில் சொல்ற அளவு லாபம் மதியத்தில் கிடைக்காது. ஒரே ஒரு சின்னத் தகடு இருந்தால், அந்தப் பணத்தில் தடிமனான ஒயர், ஈயம் பூசிய முனைகள், உப்புக்காற்று புகாத பெட்டி வாங்குவது நல்லது. இரண்டு, மூன்று தகடு சேர்க்கும்போது எம்.பி.பி.டி. தன் விலையைத் திருப்பித் தரும்.

இன்னும் சில விஷயம். லித்தியம் பேட்டரிக்கு மாறினால், கன்ட்ரோலரில் அதற்கான அமைப்பு இருக்கான்னு பார்க்கணும். ஈய-அமில அமைப்பிலேயே விடக் கூடாது. இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு தகடு. கழற்றும்போது முதலில் தகடு. தகட்டின் மேல் வலையைக் காயப்போடக் கூடாது. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மொத்த மின்சாரமும் வெகுவாகக் குறையும்.

ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுவாங்க. அன்னிக்கு வேலை இல்லை. கரையில் நின்னு பார்க்கலாம். மேலே போகிற செயற்கைக்கோளில் தகடும் இருக்கு, அதைக் காக்கிற பெட்டியும் இருக்கு. கீழே கட்டிக்கிடக்கிற படகுக்கும் அந்த இரண்டும் வேணும். கூடவே, கெட்டுப்போனால் திறந்து பார்த்துச் சரிசெய்ய ஊரிலேயே ஒரு பிள்ளை வேணும். அடுத்த முறை யாராவது சோலார் விளக்கு கொடுக்க வந்தால், எத்தனை வாட் என்று கேட்கறதுக்கு முன்னாடி, பேட்டரியை யார் மாத்துவாங்கன்னு கேளுங்க.

அடுத்த வாரம் வேறொரு ஊர், வேறொரு கதை.