ஜான்சி ராணிப் படையில் நம்ம பெண்கள்

மலருக்கு வரலாறு பத்தி ஒரு கட்டுரை வேணும்னு ஊக்குநர் அக்கா கேட்டாங்க. நான் பத்தாவதோட நின்னவள். என் பொண்ணு பேச்சுப் போட்டிக்குப் படிச்சப்போ கூட உட்கார்ந்து நானும் படிச்சதை எழுதுறேன்.

இரண்டாம் உலகப் போர் சமயம். மலேயாவில் ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்கள்ல பெரும்பாலானவங்க இங்கிருந்து கப்பலேறிப் போன தமிழ் ஜனங்க. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து, பெண்களுக்குத் தனிப் படை வேணும்னு சொன்னார். சென்னையில் பிறந்து, இங்கேயே டாக்டருக்குப் படிச்சு, அப்போ சிங்கப்பூர்ல வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்த லட்சுமி அம்மா பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க. முதல்ல கிடைச்சது இருபது பேர்தான். யூனிபார்ம் கிடையாது. புடவை கட்டிக்கிட்டே கனமான துப்பாக்கியைத் தூக்கி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்ததை, வயசான காலத்துலயும் அவங்க சொல்லியிருக்காங்க.

அக்டோபர் 22ஆம் தேதி முகாம் ஆரம்பிச்சது. தோட்டத்துப் பெண்கள் நிறைய பேர் சேர்ந்தாங்க. காக்கி உடுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, கூடவே காயம்பட்டவங்களைக் கவனிக்கிற பயிற்சி.

என் மனசுல நின்னது ஜானகி அம்மா. கோலாலம்பூர்ல வசதியான தமிழ்க் குடும்பம். இருபது வயசு ஆகல. நேதாஜி பேச்சைக் கேட்டதும் காதுல கிடந்த தங்கத் தோட்டைக் கழட்டிக் கொடுத்துட்டாங்க. படையில சேர அப்பா ஒத்துக்கல. கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வச்சாங்க. வசதியா வளர்ந்ததால முகாம் வாழ்க்கை முதல்ல ஒத்துவரல. அப்புறம் படையில ரெண்டாவது பொறுப்புக்கே வந்தாங்க. (மாசக் கூட்டத்துக்குப் போறேன்னு சொன்னதுக்கே எங்க மாமனார் ரெண்டு நாள் என் கையால சாப்பிடல!)

கடைசியில் இவங்களைச் சண்டைக்கு முன்னால அனுப்பல. பர்மாவுல ஆஸ்பத்திரி வேலை பார்த்தாங்க. 1945 ஏப்ரல்ல ரங்கூனை விட்டு பாங்காக் நோக்கிக் கிளம்பினாங்க. பகல்ல குண்டு போடுற விமானத்துக்குப் பயந்து மரத்தடியில் ஒளிஞ்சு, ராத்திரியில நடை. ஆற்றைக் கடக்கணும். நேதாஜியும் காலெல்லாம் கொப்புளத்தோட கூடவே நடந்தார். இந்தப் பொண்ணுங்களைப் பத்திரமா அனுப்பணும்னு அவர் பட்ட கவலையை ஜானகி அம்மா சொல்லியிருக்காங்க. 2000ல் நம்ம அரசு அவங்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. 2014ல் காலமானாங்க. தோட்டத்துலேருந்து போன மத்த பொண்ணுங்க பேரு பாதிக்கு மேல புத்தகத்துல இல்ல. அதுதான் எனக்கு வருத்தம்.

இதை ஏன் எழுதினேன்னா, என் நாத்தனார் மக பன்னெண்டாவது முடிச்சிட்டு ஒரகடத்துல வேலைக்குப் போகணும்ங்கறா. பேண்ட் சட்டை யூனிபார்ம், நைட் ஷிப்ட், கம்பெனி பஸ். ஹாஸ்டல் பாரத்துல அப்பா கையெழுத்து வேணும். அண்ணன் மாட்டேங்கறார். போன ஞாயித்துக்கிழமை இந்தக் கதையை அவருக்கு முழுசா படிச்சுக் காட்டினேன். "அந்தப் பொண்ணோட அப்பா எத்தனை நாள் கழிச்சு ஒத்துக்கிட்டாராம்?"னு மட்டும் கேட்டார்.

பாரம் இன்னும் டிவி மேலதான் இருக்கு.